டிராஃப்டில் முதலில் யாரை எடுப்பது? ஐ.எஸ்.எல். அணிகள் கற்ற பாடமும் தூத்துக்குடிக் கரையின் கேள்வியும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் ஓர் ஏலம் நடக்கும். கடலுக்குள் இறங்கியவர்கள் அள்ளி வந்த சிப்பிகளை எண்ணி, பங்கு பிரித்து, அரசுக்குரிய பங்கை ‘ஆயிரம் சிப்பி இவ்வளவு’ என்று கூவி விற்பார்கள். வாங்குகிறவர் சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. எந்தப் பாரில் எடுத்தது, முந்தின நாள் வாங்கியவருக்கு என்ன தேறியது என்று விசாரித்து, மனக்கணக்குப் போட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். கொற்கை பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த நாளிலிருந்து பேர்போன அந்தத் தொழில், 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு பெரிய அளவில் நின்றுபோனது.

விளையாட்டு அணிகள் ‘டிராஃப்ட்’ முறையில் ஆள் எடுப்பதும் ஏறக்குறைய இந்தச் சிப்பி வியாபாரம்தான். உள்ளே முத்து இருக்கிறதா என்பது ஆடுகளத்தில் இறங்கிய பிறகுதான் தெரியும். ஆனாலும் முதல் ஆளாக யாரை எடுப்பது என்று அணி நிர்வாகம் தொடங்கி டீக்கடை பெஞ்சு வரை சண்டை நடக்கும். இந்தியக் கால்பந்தில் அந்தச் சண்டை 2014-லிருந்து 2017 வரை நடந்தது. அதில் யார் சொன்னது சரியாக இருந்தது? அந்த முறை ஏன் கைவிடப்பட்டது? தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளில் பந்து உதைக்கும் பையன்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டிராஃப்டுக்கும் ஏலத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஐ.பி.எல். ஏலம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீரரின் பெயரைச் சொன்னதும் அணிகள் போட்டி போட்டு விலையை ஏற்றும். யாரிடம் பணம் அதிகமோ, யாருக்குத் துணிச்சல் அதிகமோ அவருக்கே வீரர். டிராஃப்டில் அப்படி இல்லை. வீரரின் சம்பளம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும், அல்லது எத்தனையாவது ஆளாக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அமையும். அணிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது பட்டியலில் இருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று.

அதாவது, ஏலத்தில் அடிபடுவது பணம், டிராஃப்டில் அடிபடுவது முறை. முதல் முறை கிடைத்தவருக்கு மொத்தப் பட்டியலும் திறந்து கிடக்கும். பத்தாவது முறை கிடைத்தவர், ஒன்பது பேர் போன மிச்சத்தில்தான் தேட வேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் பிரிப்பார்களே, அதேதான். “நீ அவனை எடுத்தியா, அப்போ நான் இவனை எடுக்கேன்” என்பதைக் கோட் சூட் போட்டு நட்சத்திர ஹோட்டலில் நடத்தினால் அதற்குப் பெயர் டிராஃப்ட்.

முதலாவது டிராஃப்டின் முதலாவது ஆள் ஆடவே இல்லை

இந்த முறை அமெரிக்கக் கால்பந்தில் இருந்து வந்தது. நம்ம ஊரில் காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல அது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட் போட்ட ஆட்டம். அங்கே 1930-களில் பணக்கார அணிகளே நல்ல கல்லூரி வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான பெர்ட் பெல் இதற்கு ஒரு வழி சொன்னார். போன பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கட்டும், முதல் இடம் பிடித்த அணி கடைசியில் எடுக்கட்டும் என்பதே அது. 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், 81 வீரர்கள்.

கடைசி இடத்தில் இருந்ததால் முதல் தேர்வு ஈகிள்ஸ் அணிக்கே வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை அது தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்துக் கல்லூரி ஆட்டத்தின் பெரிய நட்சத்திரம் அவர். ஆனால் சம்பளப் பேச்சு படியவில்லை. அவருடைய உரிமையை வாங்கிய சிகாகோ பேர்ஸ் அணியாலும் அவரைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்ட் வரலாற்றின் முதல் தேர்வே திறந்து பார்த்தால் முத்தில்லாத சிப்பி.

அதற்குப் பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. 1998-ல் பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று அமெரிக்காவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. இருவரில் யாரை எடுத்தாலும் தப்பில்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். இண்டியானாபோலிஸ் அணி மேனிங்கை எடுத்தது. அவர் இரண்டு முறை சூப்பர் பௌல் வென்றார். இரண்டாவதாகப் போன லீஃப் சில ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டே போனார். 2000-ல் ஆறாவது சுற்றில், 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்த டாம் பிராடி ஏழு சூப்பர் பௌல் வென்றார். அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்தவர்களில் விவரம் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கண்ணில் படவில்லை.

தோனி முதல் ஆள்: நம்மவர்கள் பார்த்த டிராஃப்ட்

தமிழ்நாட்டு ரசிகர்கள் மறக்க முடியாத டிராஃப்ட் 2015 டிசம்பர் 15-ஆம் தேதி நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸும் ராஜஸ்தான் ராயல்ஸும் இரண்டு ஆண்டு தடையில் இருந்தன. அந்த இரண்டு அணிகளின் வீரர்களில் இருந்து புனே, ராஜ்கோட் என்ற இரு புதிய அணிகள் தலா ஐந்து பேரை மாறி மாறி எடுத்தன. முதல் தேர்வுக்கு 12.5 கோடி ரூபாய், இரண்டாவதுக்கு 9.5 கோடி, பிறகு 7.5, 5.5, 4 கோடி என்று விலை நிர்ணயம்.

முதல் வாய்ப்பு புனேவுக்கு. தோனியைத் தவிர வேறு பெயரை அது யோசித்திருக்க வாய்ப்பில்லை. ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. பிறகு ரஹானே, அஸ்வின், ஸ்மித், டு பிளெசிஸ் புனேவுக்கும், ஜடேஜா, மெக்கல்லம், ஃபாக்னர், பிராவோ ராஜ்கோட்டுக்கும் போனார்கள்.

2016 பருவத்தில் என்ன நடந்தது? ரெய்னாவின் குஜராத் லயன்ஸ் லீக் சுற்றில் முதல் இடம். தோனியின் புனே ஏழாவது இடம். அடுத்த ஆண்டு அப்படியே தலைகீழ். புனே இறுதிப்போட்டி வரை போய் ஒரு ரன்னில் கோப்பையை விட்டது, குஜராத் ஏழாவது இடம். முதல் தேர்வு மட்டுமே ஓர் அணியின் தலையெழுத்தை எழுதிவிடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் வேண்டியதில்லை.

ஐ.எஸ்.எல்.: மூன்று முறை, மூன்று விதம்

இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. கோவா அணி டெம்போ கிளப் வீரர்களையும், நார்த்ஈஸ்ட் யுனைடெட் ஷில்லாங் லஜோங் வீரர்களையும் மொத்தமாக எடுத்துக்கொண்டன. மீதி ஆறு அணிகளுக்காக அந்த ஆண்டு ஜூலையில் மும்பையில் டிராஃப்ட் நடந்தது. ஆளுக்கு 14 பேர், மொத்தம் 84 இந்திய வீரர்கள்.

2015-ல் டிராஃப்டோடு ஒரு சிறு ஏலமும் சேர்ந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர் மட்டும். சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.20 கோடிக்கு எடுத்தது. சென்னையின் எஃப்.சி. தோய் சிங்கை 86 லட்சத்துக்கும், கோல்கீப்பர் கரன்ஜித் சிங்கை 60 லட்சத்துக்கும் வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கோவாவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையையும் கொண்டுவந்தது.

பெரிய டிராஃப்ட் 2017-ல். ஜாம்ஷெட்பூரும் பெங்களூருவும் புதிதாகச் சேர்ந்து அணிகளின் எண்ணிக்கை பத்தானது. பழைய எட்டு அணிகளும் அதிகபட்சம் இரண்டு மூத்த வீரர்களையும் 21 வயதுக்குட்பட்ட மூவரையும் மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம், மற்ற எல்லோரும் பட்டியலுக்குப் போக வேண்டும் என்று விதி. 2017 ஜூலை 23, மும்பை. முதல் தேர்வு, வெறுங்கையோடு வந்த ஜாம்ஷெட்பூருக்கு.

இன்னொரு மாற்றமும் அதே ஆண்டு வந்தது. அதுவரை களத்தில் இறங்கும் 11 பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம், ஐந்து இந்தியர்கள் போதும். 2017-18 பருவத்தில் வெளிநாட்டவர் ஐந்து பேராகக் குறைந்தார்கள், இந்தியர்கள் ஆறு பேராகக் கூடினார்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நல்ல இந்திய வீரர் கூடுதலாகத் தேவைப்பட்டார். டிராஃப்டின் மதிப்பு ஒரே நாளில் ஏறியது.

“ஸ்ட்ரைக்கரைப் புடிங்கப்பா!”

முதல் தேர்வு கையில் இருந்தால் யாரை எடுக்க வேண்டும்? கால்பந்து பார்க்கிறவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு இப்படித்தான் போகும்.

“கோல் போட ஆள் இல்லாம எப்படில ஜெயிப்ப? முதல்ல ஒரு ஸ்ட்ரைக்கரைப் புடி.”

“ஸ்ட்ரைக்கரை பிரேசில்லருந்து கூட்டிட்டு வந்துருவான். பின்னால நிக்க ஆள் வேண்டாமா?”

“அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி. இருக்கதுல எவன் கெட்டிக்காரனோ அவனை எடுக்கணும். எந்த இடத்துல ஆடுதான்னு அப்புறம் பாத்துக்கிடலாம்.”

இந்த மூன்று பேச்சுக்குள் உலகத்தின் எல்லா டிராஃப்ட் விவாதமும் அடங்கிவிடும். ஒரு கட்சி, அணியில் எந்த இடம் காலியோ அதை நிரப்பச் சொல்லும். இன்னொரு கட்சி, இடத்தைப் பார்க்காதே, பட்டியலில் மிகச் சிறந்தவரை எடு என்று சொல்லும். முதல் கட்சிக்கு இருக்கும் ஆபத்து, இன்றைய ஓட்டையை அடைக்கப் போய் நாளைய நட்சத்திரத்தை விடுவது. இரண்டாவது கட்சிக்கு இருக்கும் ஆபத்து, ஒரே இடத்துக்கு மூன்று நட்சத்திரங்களைச் சேர்த்துவிட்டு கோல் கம்பத்தைத் திறந்து போடுவது.

ஐ.எஸ்.எல். அணிகள் 2017-ல் எந்தக் கட்சியில் நின்றன என்பதை விலைப் பட்டியலே காட்டியது. மிக அதிக விலை 1.10 கோடி ரூபாய். அந்த விலை இருவருக்கு: கேரளத்து நடுத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகா, மேகாலயத்து நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோ. அடுத்து 87 லட்சத்தில் கோல்கீப்பர் சுப்ரதா பால். அதற்கடுத்து 75 லட்சத்தில் வலது பின்வரிசை வீரர் பிரீதம் கோட்டால். முதல் நான்கு பெயர்களில் மூன்று பேர் கோலைத் தடுப்பவர்கள், கோல் அடிப்பவர் ஒருவர்கூட இல்லை. ஜாம்ஷெட்பூர் தன் முதல் தேர்வாக அனஸை எடுத்தது. சுப்ரதா பாலையும் சேர்த்துக்கொண்டது.

ஏன் பின்வரிசைக்கு இந்த மவுசு?

காரணம் எளிது. கோல் அடிப்பவரை வெளிநாட்டில் வாங்கலாம். ஐ.எஸ்.எல்.லின் முதல் நான்கு பருவங்களிலும் அதிக கோல் அடித்தவர்கள் வெளிநாட்டவர்கள்தான். 2014-ல் சென்னையின் எலானோ 8 கோல், 2015-ல் அதே அணியின் மெண்டோசா 13, 2016-ல் டெல்லியின் மார்செலினோ 10, 2017-18-ல் கோவாவின் கோரோ 18. அப்போது இருந்த ஐந்து வெளிநாட்டு இடங்களில் இரண்டை முன்வரிசைக்கும், ஒன்றை நடுக்களத்துக்கும் ஒதுக்கிவிட்டால், மீதி இடங்களை இந்தியர்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். கோல்கீப்பர், இரு பக்கப் பின்வரிசை, ஒரு நடுத் தடுப்பாட்டக்காரர். அந்த இடங்களில் நம்பி நிறுத்தக்கூடிய இந்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆகவே முதல் தேர்வுகள் அங்கே போயின.

இது சரியான கணக்கா? ஜாம்ஷெட்பூரின் முதல் மூன்று ஆட்டங்களும் 0-0. கோல் வாங்கவும் இல்லை, போடவும் இல்லை. ஸ்டீவ் கொப்பல் பயிற்சியில் அந்தப் புது அணி பருவத்தை ஐந்தாவது இடத்தில் முடித்தது. அரையிறுதிக்கு நான்கு அணிகள்தான் போகும். முதல் தேர்வான அனஸ் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டே கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போய்விட்டார். லிங்டோவை எடுத்த கொல்கத்தா அணி முந்தைய ஆண்டின் சாம்பியன். இந்த முறை அதற்கு ஒன்பதாவது இடம். கோட்டாலை எடுத்த டெல்லி எட்டாவது. விலைப் பட்டியலின் உச்சியில் இருந்த நான்கு பேரில் ஒருவரின் அணிகூட அரையிறுதியைப் பார்க்கவில்லை.

சென்னை போட்ட மாற்றுக் கணக்கு

அந்தப் பருவத்தில் கோப்பையை வென்றது சென்னையின் எஃப்.சி. அது எடுத்த வழி மற்றவர்களுக்கு நேர் எதிர்.

டிராஃப்டுக்கு முன்பே சென்னை தன் இரண்டு மூத்த வீரர்களைத் தக்கவைத்துவிட்டது. ஒருவர் கோல்கீப்பர் கரன்ஜித் சிங். இன்னொருவர் மிசோரமைச் சேர்ந்த முன்வரிசை வீரர் ஜேஜே லால்பெக்லுவா. இளையவர்களில் அனிருத் தாபாவையும் ஜெர்ரி லால்ரின்சுவாலாவையும் விடவில்லை. ஆக, கோல் அடிக்க நம்பகமான ஓர் இந்தியர் கையில் இருந்தார். நாட்டிலேயே அரிதான பொருள் அதுதான். அது இருந்ததால், வெளிநாட்டு இடங்களைப் பின்வரிசைக்குச் செலவு செய்ய முடிந்தது. பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ், போர்ச்சுகலின் ஹென்ரிக் செரெனோ, ஸ்பெயினின் இனிகோ கால்டரோன் ஆகியோர் தடுப்புக்கு வந்தார்கள். எல்லோரும் இந்தியத் தடுப்பு, வெளிநாட்டுத் தாக்குதல் என்று போனபோது, சென்னை வெளிநாட்டுத் தடுப்பு, இந்தியத் தாக்குதல் என்று போனது.

டிராஃப்டில் அது எடுத்தவர்கள் அன்று தலைப்புச் செய்தி ஆனவர்கள் இல்லை. பழைய முகமான தோய் சிங்கைத் திரும்ப எடுத்தது. நடுக்களத்துக்கு பிக்ரம்ஜித் சிங்கையும், சென்னைக்காரரான தனபால் கணேஷையும் எடுத்தது. ஜேஜே அந்தப் பருவத்தில் 9 கோல் போட்டார். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல் ஜேஜேயுடையது, ஒன்று தனபால் கணேஷுடையது. 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது. மூன்றில் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் பின்வரிசை வீரர் மைல்சன்.

டீக்கடை விவாதத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. ‘சிறந்தவரா, தேவையானவரா’ என்ற கேள்வி பாதிதான். ‘வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஆள் யார்?’ என்பதே முழுக் கேள்வி. வெளிச்சந்தையில் வாங்க முடிந்ததற்கு முதல் தேர்வைச் செலவு செய்யக் கூடாது. எது கிடைக்காதோ அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். சென்னைக்கு அது முன்வரிசை இந்தியர், ஜாம்ஷெட்பூருக்கு அது பின்வரிசை இந்தியர். ஜாம்ஷெட்பூரின் கணக்கு தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் காயம் எந்தக் கணக்கிலும் அடங்காது.

பின் சுற்றில் கிடந்த ஆள்

2017 டிராஃப்டில் இன்னொரு தமிழ்ப் பெயரும் இருந்தது. சென்னையைச் சேர்ந்த பக்கவாட்டு வீரர் நந்தகுமார் சேகர். முந்தைய பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. சார்பில் ஐ-லீக் ஆடியவர். அவரை டெல்லி டைனமோஸ் எடுத்தது. முதல் சுற்றுகளில் பேசப்பட்ட பெயர் அல்ல அவருடையது. அன்று எந்தத் தொலைக்காட்சியும் அவரைப் பற்றி விவாதம் நடத்தவில்லை.

2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஆட்டம். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மோகன் பகானிடம் ஜெயிக்கவே முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அன்று அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 2024 ஜனவரியில் அந்த அணி சூப்பர் கோப்பையை வென்றபோது இறுதிப் போட்டியிலும் அவர் கோல் போட்டார். முதல் தேர்வு அனஸ் ஒரே ஆண்டில் ஜாம்ஷெட்பூரை விட்டுப் போனார். ஆரவாரமில்லாமல் எடுக்கப்பட்ட நந்தகுமார் ஆறு ஆண்டு கழித்தும் பெரிய ஆட்டங்களைத் தீர்மானித்தார்.

டிராஃப்ட் ஏன் நின்றது?

2017-க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.லில் டிராஃப்ட் நடக்கவில்லை. வீரர்கள் அணிகளோடு பல ஆண்டு ஒப்பந்தம் போடத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் போல, ஓர் அணி இன்னோர் அணிக்குப் பணம் கொடுத்து வீரரை வாங்கும் முறை வந்தது. மூன்று மாதத் திருவிழாவாக இருந்த போட்டி, நீண்ட பருவமாக மாறியபோது ஆண்டுதோறும் ஆட்களைக் கலைத்துப் பிரிப்பது பொருந்தவில்லை. வீரர் தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்தெடுக்கவும் வழி பிறந்தது. அது நியாயமும்கூட. டிராஃப்டில் வீரரிடம் ‘எங்கே போக விரும்புகிறாய்?’ என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் டிராஃப்டின் ஆதி நோக்கம் ஒன்று இருந்ததே, தோற்றவனுக்கு முதல் வாய்ப்பு? அது இந்தியாவில் நடைமுறைக்கு வரவே இல்லை. 2018-19 பருவத்தில் நடப்புச் சாம்பியனான சென்னை வெறும் 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்கு விழுந்தது. அமெரிக்காவாக இருந்தால் அடுத்த ஆண்டின் முதல் தேர்வு சென்னைக்குத்தான். இங்கே அப்படி எதுவும் கிடைக்கவில்லை. லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸை அணி ஒப்பந்தம் செய்தது. அவர் 15 கோல் போட்டார். 2019-20-ல் அணி இறுதிப்போட்டி வரை போனது. கடைசி இடத்தில் இருந்து எழ, ஓர் இந்திய இளைஞரைத் தேடி வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, வெளிநாட்டில் ஒரு நல்ல ஆளைப் பிடித்தால் போதும் என்பதே இந்த லீக் கற்றுக்கொடுத்த பாடம். இந்திய முன்வரிசை வீரர்களுக்கு இன்று நாடு தட்டுப்பாட்டில் தவிப்பதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

பட்டியலுக்குள் நுழைவது எப்படி?

இனி தூத்துக்குடிக்கு வருவோம். இந்த ஊர்ப் பெயரில் ஓர் அணி டிராஃப்டில் கலந்துகொண்டது உண்டு. ஆனால் அது கிரிக்கெட். 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல். போட்டியில் தூத்துக்குடி பெயர் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ், தினேஷ் கார்த்திக் தலைமையில் முதல் கோப்பையையே வென்றது. 16 வயது வாஷிங்டன் சுந்தர் அந்த அணியில்தான் ஆடினார். அடுத்த ஆண்டு தொடர் நாயகனாகி, அதே டிசம்பரில் இந்திய அணிக்கும் போனார். நல்ல ஆளை அந்த அணி சரியாகவே அடையாளம் கண்டது. ஆனால் போட்டிகள் சென்னையிலும், திண்டுக்கல் நத்தத்திலும், திருநெல்வேலியிலும்தான் நடந்தன. 2019-க்குப் பிறகு அந்த அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர் போனதும் ஊருக்கும் அணிக்கும் இருந்த தொடர்பு மொத்தமும் போனது. பெயரைத் தவிர வேறு தொடர்பு இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

கால்பந்துக்கு இந்தக் கரையில் பஞ்சம் இல்லை. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் போட்டி வைப்பதும், மணலில் பையன்கள் வெறுங்காலில் ஆடுவதும் பல தலைமுறைப் பழக்கம். அந்தக் கரையில் இருந்து மேலே போனவர்களில் ஒருவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவ ஊரான இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டி எஃப்.சி.யில் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த ஆண்டு கொல்கத்தாவுக்கும் போனார். 2019-20-ல் கொல்கத்தா கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார்.

நந்தகுமார், சூசைராஜ் இருவரின் பாதையிலும் ஒரே பெயர் வருவதைக் கவனிக்க வேண்டும்: சென்னை சிட்டி எஃப்.சி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கில் இருந்ததால்தான் தமிழ்நாட்டுப் பையன்கள் நாடறிய ஆட முடிந்தது. மற்ற அணிகளின் கண்ணில் பட்டார்கள், பட்டியலில் பெயர் ஏறியது. அந்த அணி 2018-19-ல் ஐ-லீக் கோப்பையையே வென்றது. 2020-21 பருவத்துக்குப் பிறகு அது ஐ-லீக்கில் இல்லை. ஒரு கதவு மூடியது. கரையில் ஆடுகிற பையனின் திறமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவனைப் பார்க்கிற கண்கள்தான் குறைந்தன.

கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே கோவில்பட்டி இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஹாக்கி போட்டிகள் நடக்கும் ஊர். அங்கே அரசு ஒரு ஹாக்கி விடுதியை நடத்துகிறது, செயற்கைப் புல் மைதானம் போட்டிருக்கிறது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அந்த விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இடம்பிடித்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோலும் போட்டார். இவர்கள் எந்த டிராஃப்டிலும் அதிர்ஷ்டத்தால் அகப்பட்டவர்கள் அல்லர். தங்க இடம், சாப்பாடு, பயிற்சியாளர், மைதானம், ஆண்டு முழுக்க ஆட்டம் என்று ஐந்தும் ஒரே இடத்தில் கிடைத்ததால் உருவானவர்கள்.

அப்போ டிராஃப்ட் தேவையா, இல்லையா?

டிராஃப்ட் இருப்பதைப் பங்கு பிரிக்கும், இல்லாததை உருவாக்காது. அமெரிக்காவில் அது வேலை செய்வதற்குக் காரணம், நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வீரர்களைத் தயார் செய்து அனுப்புகின்றன. வரிசையில் எத்தனையாவது நின்றாலும் எடுக்க ஆள் உண்டு. அங்கேயும் நம்ம கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் அணிகள் சொந்த அகாடமியில் ஆட்களை வளர்க்கத் தொடங்கியதும், டிராஃப்டின் முக்கியத்துவம் சரிந்துவிட்டது. ஐரோப்பாவிலோ டிராஃப்ட் என்ற பேச்சே கிடையாது. எட்டு வயதுப் பையனை அகாடமியில் சேர்த்துப் பத்து ஆண்டு வளர்க்கிறார்கள். அவர்கள் வாங்குவது முழுக்க முழுக்கத் திறக்காத சிப்பி இல்லை.

இந்தியாவில் 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. லீக்கின் வடிவம் குறித்த பேச்சு அதோடு மறுபடி சூடுபிடித்தது. டிராஃப்டைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், முதல் ஆளாக யாரை எடுப்பது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. அதைவிடப் பலன் தரக்கூடியது வேறொரு விதி. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீரரையும் வளர்த்த ஊர் கிளப்புக்கோ, பள்ளிக்கோ, விடுதிக்கோ அவர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதே அது. வீரர் ஒரு கிளப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அவரை இளம் வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் பணம் போகும் ஏற்பாடு ஃபிஃபா விதிகளில் ஏற்கெனவே உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில்கூடக் கடலில் மூழ்கியவருக்குச் சிப்பியில் பங்கு இருந்தது. தூத்துக்குடி தருவை மைதானத்திலோ, ஒரு கடலோர ஊர்ப் பள்ளியிலோ சம்பளமில்லாமல் பையன்களைப் பழக்குகிற ஒருவருக்கு அப்படி ஒரு பங்கு வந்தால், அடுத்த பந்து வாங்க அவர் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்காது.

முதல் தேர்வு யார் என்ற வாக்குவாதம் நடக்கட்டும், அது ஆட்டத்தின் ருசி. ஆனால் அடுத்த முறை பட்டியல் வெளிவரும்போது முதல் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் கடைசிப் பெயர் வரை ஒருமுறை பார்ப்பது நல்லது. கொற்கையில் இருந்து குமரி வரை இந்தக் கரையின் பெயர்கள் எத்தனை என்று எண்ணினால், எங்கே வேலை பாக்கி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.